நைனாவுக்கும் கரண்ட்டுக்கும் நடந்த சண்டை

மின்சாரத்தோடு நேருக்கு நேர் சண்டை போட்ட மனிதர் சென்னையில் ஒருவர்தான் இருந்தார். ராயபுரத்துக்காரர். பெயர் பெல்ட்டு நைனா. ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். பட்டறையில் யாரும் கேட்டதில்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் முதலில் வருகிறது.

துறைமுகத்து லாஞ்சுப் படகுகளைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் நான் ரைட்டர், அதாவது குமாஸ்தா. ஒரே ஒரு ஆயில் எஞ்சின் கூரையடியில் ஒரு நீளத் தண்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி எல்லா இயந்திரங்களையும் ஓட்டும். அவற்றைத் தைப்பதும் மாட்டுவதும் நைனாதான். அவரே ஓட்டிய, இரும்பு கடையும் லேத்தில் வார்த்திருந்த ஆண்டு தேய்ந்துபோய், 'பதினெட்டு' மட்டும் மிஞ்சியிருந்தது. மீதி இரண்டு இலக்கங்களைப் பிடிக்கக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்.

"இன்னா ரைட்டரே, பொண்ணு பாக்க வந்துகீறியா? வயசெல்லாம் கேக்காதே!" என்று துரத்திவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டா, ஐம்பத்து மூன்றா என்று இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை; மழைக்காலம் முடிந்திருந்தது. முதலாளி எஞ்சினை விற்றுவிட்டு, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு மோட்டார் வாங்கினார்.

"ஒரே வூட்ல கஞ்சி குடிச்சிகினு இருந்ததுங்க. இப்ப ஆளுக்கொரு அடுப்பா?" என்று நைனா கொதித்தார்.

மோட்டார் மாட்ட வந்த ஒயர்மேனோடு அவருக்குப் பேச்சே இல்லை. எல்லாம் என் வழியாகத்தான். "ரைட்டரே, அந்தக் கம்பிக்காரனை நவுந்து நிக்கச் சொல்லு." பக்கத்திலேயே நிற்கும் ஒயர்மேன், "கெய்வனுக்கு இன்னாவாம்?" என்று என்னைக் கேட்பான்.

மோட்டாரிலிருந்து லேத்துக்குப் போகும் குட்டிப் பெல்ட்டில் யார் வேட்டியும் சிக்கக் கூடாதென்று முதலாளி அதைத் தகரப் பெட்டியால் மூடச் சொன்னார். வினை அங்கேதான்: உள்ளே பெல்ட் எப்படி இருக்கிறதென்று வெளியே தெரியாது.

முதல் ஓட்டத்தில் லேத் தலைகீழாகச் சுற்றியது. சாப்பாட்டுச் சங்கு ஊதியது. மற்றதெல்லாம் பின்னால் விசாரித்து அறிந்தது: ஒயர்மேன் மோட்டாரில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனான். அதோடு சரியாகிவிட்டது. அவன் போனதும் நைனா பெட்டியைத் திறந்து, பெல்ட்டை எட்டு போலக் குறுக்காக மாட்டி மூடினார். அதுவும் சுற்றும் திசையைத் திருப்பச் சரியான வைத்தியம்தான். இரண்டும் சேர்ந்தால்?

முதலாளி வந்து பார்த்தார். லேத் தலைகீழாகவே சுற்றியது.

"நாளைக்கு நேரா ஓடலைன்னா உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்!"

நைனாவின் முகம் செத்துவிட்டது. அன்று சாயங்காலம் ஒயர்மேன், தப்பு தன்னுடையதுதான் போலிருக்கிறதென்று கம்பிகளைப் பழையபடி மாற்றினான். காலையில் நைனாவும் அதையே நினைத்து, குறுக்கை எடுத்து நேராக மாட்டினார். வாழ்நாளில் இருவருக்கும் ஒரே ஒருமுறை அடக்கம் வந்தது; அதுவும் ஒரே சமயத்தில்!

இம்முறை லேத் தலைகீழாகச் சுற்றியதோடு விடவில்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கனத்த வட்டு மரை கழன்று விழுந்து, வாசல் தாண்டி உருண்டு, முதலாளியின் காரில் மோதி நின்றது.

முதலாளி பழைய இரும்பு வண்டிக்கு ஆள் அனுப்பினார். நைனா லேத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என்னையும் சேத்து எடைக்குப் போடு மொதலாளி! வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து ஒய்ங்கா சுத்தினு இருந்தது. கரண்ட்டு வந்து ஒரே நாள்ல பேஜாரு பண்ணிட்ச்சி!"

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் நேத்துலேருந்து என்ன செஞ்சீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க!" என்று கத்தினேன். சொன்னார்கள். காருக்குச் சொந்தக்காரரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

நைனா இறங்கி, பெல்ட்டை மறுபடி குறுக்காக மாட்டினார். லேத் நேராக ஓடியது. வண்டி காலியாகத் திரும்பியது.

"மோட்டாரு தப்பா சுத்துது நைனா. கம்பியை மாத்தினா போதும்" என்று ஒயர்மேன் முதன்முறையாக அவரிடமே சொன்னான்.

"அது சுத்திகினு கெடக்கட்டும். கம்பில கை வெச்சே, கைய முறிச்சிருவேன்!" என்று அவரும் அவனிடமே சொன்னார்.

நைனா வேலையிலிருந்து நின்று, எண்ணூரில் மகள் வீட்டுக்குப் போனபின் வேறொரு ஒயர்மேன் வந்தான். மோட்டார் தலைகீழாக ஓடுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"கம்பில கை வெச்சே, கைய முறிச்சிருவேன்!"

பட்டறை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.