அறுநூற்று நாற்பது புத்தகங்கள் தொலைந்த விதம்

எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு, "மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படும் நூலகம்" என்று சான்றிதழ் கிடைத்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நூலகக் கதவில், பூட்டுக்குச் சரியாக ஒரு முழம் மேலே மாட்டியிருக்கிறார்கள். அந்த விழாவில் நானும் கை தட்டினேன். பிறகு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சான்றிதழுக்கு முன்னால் நூலகம் மோசமாகத்தான் இருந்தது. கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். நூலகர் அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் ஏற இறங்கப் பார்த்து, உனக்குப் பேய்க்கதை ஆகாது, தூங்குகிற அம்மாவை எழுப்புவாய், இதை எடுத்துக்கொள் என்று ஒன்றை நீட்டுவார். யார் எதை எடுத்தார்கள், யார் பாதியில் விட்டார்கள், எல்லாம் அவர் மனசில் இருக்கும்.

என் மூத்தவளுக்கு அவர் கொடுத்தது ஒரு தபால்காரர் கதை. ஒரே ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பனிமலையைத் தாண்டிப் போகிறவர். நான் வெங்காயம் நறுக்க நறுக்க அவள் சத்தமாக வாசிப்பாள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஒரு பக்கத்தை நானே வாசித்து முடிப்பதற்குள் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும். அறுபத்திரண்டாம் பக்கத்தில் தபால்காரர் கயிற்றுப் பாலத்தின் நடுவில் நிற்கிறார். கயிறு ஒரு பக்கம் பிரிய ஆரம்பிக்கிறது. மீதியை நாளைக்கு என்று புத்தகத்தை மூடினோம். நாளைக்கு நூலகத்தை ஆய்வு செய்கிற அதிகாரி வந்துவிட்டார்.

அதிகாரி ஐயாவின் கடமை எண்ணுவது. எண்ணினார். பதிவேட்டில் அறுநூற்று நாற்பது, அலமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு. மீதி எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் வீட்டில் இருக்கிறது என்றார் அக்கா.

"அப்படின்னா இங்க இல்லை."

"படிக்க எடுத்துட்டுப் போயிருக்காங்க ஐயா."

"எதுக்குப் போனா என்னம்மா? இங்க இல்லைதானே?"

நானூற்று இருபத்தெட்டுப் புத்தகங்கள் காணவில்லை என்று எழுதினார். தலைமையாசிரியைக்கு வியர்த்துவிட்டது. எல்லாப் புத்தகமும் மறுநாள் காலைக்குள் வந்து சேர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மூத்தவள் இன்னும் பத்துப் பக்கம் மட்டும் என்று கெஞ்சினாள். நான்தான் பிடுங்கினேன். அட்டையில் இருந்த மஞ்சள் கறையை ஈரத்துணியால் துடைத்து, முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம்மால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வரக் கூடாது, பாருங்கள்.

அறுநூற்று நாற்பதும் திரும்பின. வரலாற்றிலேயே முதல்முறை என்றார் தலைமையாசிரியை. அந்தச் சான்றிதழ் வந்தது இதற்காகத்தான். வரலாறு கலையக் கூடாது என்பதற்காகப் பூட்டு வாங்கினார்கள். நூலகம் பூட்டியிருந்ததால் நூலகருக்கு வேலை இல்லாமல் போனது. சம்பளம் வாங்குகிறவரைச் சும்மா உட்காரவைப்பது விதிப்படி தவறு என்பதால், அக்காவைச் சாவிக் காப்பாளர் ஆக்கி, பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள்.

இதனால் வாசிப்பு நின்றுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சமயத்தில்தான் "வாசிப்பு முகம்" என்கிற நாகரிகம் எல்லாப் பள்ளிகளிலும் வந்தது. புத்தகம்போல வெட்டிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் வியப்பாக, சோகமாக, சிரிப்பாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் போட்டோ எடுப்பார்கள். வியப்பில் என் மூத்தவளுக்குத்தான் முதல் பரிசு. அந்தப் போட்டோவைப் போனில் சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் அனுப்பினேன். ஆனால் வெங்காயம் நறுக்கும்போது மட்டும் அந்தக் கயிறு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ஒரு வருஷம் பொறுத்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு அதிகாரி ஐயா வந்திருந்தார். நான் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஐயா, ஒரு புத்தகம் வேணும்."

"தாராளமா எடுத்துக்கலாம்மா. நூலகர் கையெழுத்துப் போட்டா திறப்பாங்க."

"நூலகரைத்தான் சாவிக் காப்பாளர் ஆக்கிட்டீங்களே."

"அப்ப நூலகர் வேணும்னு விண்ணப்பம் கொடுங்க. போன வருஷம் எத்தனை பேர் புத்தகம் எடுத்தாங்கன்னு மட்டும் காட்டணும்."

"பூட்டியிருந்ததுங்க. யாரும் எடுக்கலை."

"பாத்தீங்களா?" என்று மற்றவர்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "தேவைப்படலை."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் தலை தானாக ஆடிவிட்டது.

வெளியே வரும்போது அக்கா முக்காலியிலிருந்து எழாமலே கூப்பிட்டார். "எந்தப் பக்கத்துல நிறுத்தினீங்க?"

"அறுபத்திரண்டு."

"கயிறா?" என்று கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டார். "புத்தகம் எடுக்கத்தான் நூலகர் கையெழுத்து வேணும். தொலைச்சா வேண்டாம். தொலைச்சவங்க கையெழுத்தே போதும்."

ரோஸ் நிறத்தில் ஒரு படிவத்தை நீட்டினார். கீழே கையெழுத்திட்டுள்ள நான், மேற்படி நூலை என் கவனக்குறைவால் தொலைத்துவிட்டேன் என உளமாற ஒப்புக்கொள்கிறேன்.

"எடுக்கவே இல்லையே அக்கா, எப்படித் தொலைக்கிறது?"

"அந்தக் கேள்வி படிவத்துல இல்லை."

கையெழுத்துப் போட்டேன். கதவு திறந்தது. அன்று சாயங்காலம் தபால்காரர் பாலத்தைத் தாண்டினார். மூத்தவள் குதித்தாள். ஆனால் அது முதல் பாகம்தானாம். கடிதத்துக்கு உரிய வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதோடு முடிகிறது.

வாரக் கடைசியில் இரண்டாம் பாகத்தைத் தொலைக்கப் போனேன். எனக்கு முன்னால் வரிசை நின்றது. தையற்காரர் மனைவி சமையல் புத்தகம் ஒன்றைத் தொலைக்க வந்திருந்தார். பேருந்து ஓட்டுநர் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆறு புத்தகம் தொலைத்துக்கொண்டு போனார். இரண்டாம் பாகத்தை வேறு யாரோ தொலைத்துவிட்டிருந்தார்கள். படித்து முடித்ததும் கைமாற்றிவிடச் சொல்கிறேன் என்றார் அக்கா. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. தொலைந்ததைத் திரும்ப வைக்கப் பதிவேட்டில் இடம் கிடையாது. அதனால் அக்கா சொல்லச் சொல்லப் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு நடந்தன. என் முதல் பாகமும் நாலு வீடு சுற்றிவிட்டு அக்கா கைக்கு வந்திருந்தது.

அடுத்த ஆய்வில் அலமாரி துடைத்துவிட்டதுபோல இருந்தது. அதிகாரி ஐயா ரோஸ் படிவங்களை எண்ணினார். அறுநூற்று நாற்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. இவ்வளவு ஒழுங்கான கோப்பைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். இந்தப் பகுதி மக்கள் புத்தகம் தொலைப்பதில் தேர்ந்தவர்கள். இவர்களுக்கு இனிப் புத்தகம் வழங்க வேண்டாம். காக்க ஒன்றுமில்லாததால் சாவிக் காப்பாளரும் வேண்டாம்.

அக்காவை வேறொரு பள்ளிக்கூடத்துக்கு, அங்கே பூட்டியிருக்கும் நூலகத்தைக் காக்க அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் புத்தகங்கள் நிஜமாகவே தொலைய ஆரம்பித்தன. எது யார் வீட்டில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் கேட்டுப் பார்த்தோம். கொடுத்துவிட்டேனே என்பார்கள். யாரிடம் என்றால், அக்காவைக் கேளுங்கள் என்பார்கள்.

போன வாரம் அதிகாரி ஐயா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நோட்டீஸ் என்று நினைத்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். தபால்காரர், முதல் பாகம். ஆய்வுக்கு வந்த அன்று முக்காலிக்குக் கீழே கிடந்ததாம். சும்மா புரட்டினாராம். அதைத் தொலைத்தவர் யார் என்று ரோஸ் படிவத்தில் பார்த்து வந்தாராம்.

"ஏம்மா, இரண்டாம் பாகத்தை யார் தொலைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அக்காவுக்குத்தான் தெரியும்."

"எந்த அக்கா?"

"நீங்க மாத்தினீங்களே, அவங்க."

புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அக்காவை இங்கே திருப்பி அழைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். நூலகம் இருந்தால்தான் நூலகர், புத்தகம் இருந்தால்தான் நூலகம். ஐயாவே அப்படி எழுதியிருக்கிறாராம்.

என் சின்னவள் எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வருகிற வருஷம் அவளுக்கு ஒன்றாம் வகுப்பு. அவர் போனதும் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நான் எதைத் தொலைக்கட்டும்?"