இங்கே துப்பக் கூடாது

நாடு தூங்கும்போது விழித்திருப்பதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. காலை பத்து மணி முதல் மாலை ஐந்தே முக்கால் வரை, மதிய உணவு இடைவேளை நீங்கலாக, அது இமை கொட்டாமல் விழித்திருக்கும். மற்ற நேரங்களில் நாடு தன் சொந்தப் பொறுப்பில் தூங்கிக்கொள்ள வேண்டும்.

'முன்னறி துறை' என்பது அந்த மகத்தான அலுவலகத்தின் பெயர். சதிகளை அவை நடப்பதற்கு முன்பே அறிவது அதன் கடமை. நடந்து முடிந்த பிறகு 'முன்பே அறிந்திருந்தோம்' என்று அறிக்கை விடுவது அதன் திறமை. தன்னைத் தானே அது 'நாட்டின் காது' என்று அழைத்துக்கொண்டது.

அந்தக் காதின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், பதிவெழுத்தர் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரும் காகிதங்களுக்கு எண் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அவர் சரியாகப் பத்து மணிக்கு வந்துகொண்டிருந்தது பலருக்கும் உறுத்தலாக இருந்தது. போன வருடம் துறை, சதிகாரர்களைத் தானே மோப்பம் பிடிக்கும் கணினி ஒன்றை வாங்கியது. பழக்கப்படுத்த ஏதாவது விவரம் வேண்டும் என்றார்கள். கைவசம் இருந்த ஒரே விவரம் ஊழியர்களின் வருகைப் பதிவேடு, அதையே கொடுத்தார்கள். கணினி மூன்று நாள் முக்கி முனகிவிட்டு, 'தினமும் நேரத்துக்கு வருகிறார், நடத்தை இயல்பாக இல்லை' என்று பதிவெழுத்தரைக் காட்டிக்கொடுத்தது. அவர் எழுத்து மூலம் விளக்கம் தந்தார். கொஞ்ச நாள் பத்தேகாலுக்கு வந்தும் பார்த்தார். முடியவில்லை. விட்டுவிட்டார்.

வாயிற்காவலரை எல்லோரும் 'கேட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். நாட்டின் காதில் 'கேட்டு' என்று சொல்லும்படி ஒருவர்தான் இருந்தார், அவரையும் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அவர் தலைக்கு மேலே சுவரில் இரண்டு பலகைகள் தொங்கின. 'குடிமக்களே, துப்பு தாரீர்!' என்றது ஒன்று. 'இங்கே துப்பக் கூடாது' என்றது மற்றொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொன்னவர் இயக்குநர். படிப்பவர்கள் தடுமாறினார்களே தவிர, துறை தடுமாறவில்லை.

உண்மையைச் சொன்னால், இரண்டாவது பலகைக்குத்தான் பலன் இருந்தது. துப்பியவர்களைப் பிடித்து எச்சரிக்கைச் சீட்டு கிழித்துக் கொடுக்கக் கேட்டுவிடம் ஒரு புத்தகம் இருந்தது. சீட்டு துப்பியவருக்கு, அடிக்கட்டை சுகாதாரப் பிரிவுக்கு. துறை கையும் களவுமாகப் பிடித்த அத்தனை பேரும் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழைய துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"யாரு நீங்க?" என்றார் கேட்டு.

"சாவி போடுறவன்ங்க. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்க்க கடை."

"என்ன விஷயம்?"

"துப்பு..."

கேட்டு மீதியைக் கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்துவிட்டார். "எங்க?"

"இங்கதானுங்க. போர்டுலயே போட்டிருக்கே."

"போர்டைப் படிச்சுட்டேவா? ரொம்பத் தைரியந்தான் உங்களுக்கு." கேட்டு நிதானமாக எழுதினார். தொழில்: சாவி செய்பவர். காரணம்: துப்பு. நேரம்: 10.20. "கையெழுத்துப் போடுங்க."

துப்பு கொடுத்தால் இப்படி ரசீதெல்லாம் தருவார்கள்போலிருக்கிறது என்று சாவிக்காரர் நினைத்துக்கொண்டார். சற்றுப் பெருமையாகவே கையெழுத்துப் போட்டார்.

உள்ளே வந்தவர் கண்ணில் முதலில் பட்டவர் பதிவெழுத்தர். பையிலிருந்து ஒரு மெழுகுக் கட்டியையும் அரத்தால் பாதி ராவிய சாவி ஒன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு பேருங்க சார். இந்த அச்சைக் கொண்டாந்து இதுக்குச் சாவி வேணும்னாங்க. வீட்டுச் சாவின்னு சொன்னாங்க. இது ஸ்டேஷன் சிக்னல் ரூம் சாவி சார். ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பூட்டுக்கு நான்தான் சாவி போட்டேன். நான் ராவின பல்லு எனக்குத் தெரியாதா? போற போக்குல, சாயங்காலம் ஆறு மணி வண்டியில எவ்வளவு கூட்டம் வரும்னு கேட்டாங்க. நாளைக்கு நாலு மணிக்குச் சாவி வாங்க வர்றாங்க."

பதிவெழுத்தர் பேனாவை எடுத்தார். அந்த ஸ்டேஷனில் அறிவிப்பாளராக இருப்பவர் அவர் மனைவி. ஆறு மணி வண்டியை வரவேற்பது அவள் குரல்தான். அவர் அத்தனையையும் ஒரே பக்கத்தில் எழுதி, எண் போட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார்.

மாடியில் அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. துறையின் சின்னத்தில் உள்ள ஆந்தைக்கு ஒரு கண் திறந்திருக்க வேண்டுமா இரண்டுமா என்பது பொருள். இயக்குநர் காகிதத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைத் தேடிப் போனது யாரு?"

"யாரும் போகல சார். அவரே வந்தார்."

"அவராவே வந்தாரா? அப்போ இது எப்படிய்யா உளவாகும்? உளவுங்கிறது நாம தேடிப் போய், கஷ்டப்பட்டு, மறைஞ்சு நின்னு எடுக்கிறது. நடந்து வந்து மேஜைமேல உக்காந்துக்கிறதுக்குப் பேரு தகவல். தகவல்னா அது விளம்பரத் துறைக்குப் போகணும்."

"சார், ஆறு மணி வண்டி..."

"பதறாத காரியம் சிதறாதுய்யா." இயக்குநர் யோசித்தார். அவர் யோசிப்பதைக் கூட்டமே மரியாதையோடு பார்த்தது. "இன்னொண்ணு. சதிகாரங்க என்ன செய்யப் போறாங்கன்னு சதிகாரங்களுக்குத்தானே தெரியும்? இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்வியின் ஆழத்தில் கூட்டம் ஒன்றரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தது. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று காகிதத்தில் 'அதி இரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்தினார்கள். அந்த நொடி முதல் அதைப் படிக்கும் தகுதி இயக்குநருக்கு மட்டுமே இருந்தது. ஸ்டேஷன் போலீசுக்கு அனுப்பலாமா என்று பதிவெழுத்தர் கேட்டார். இன்ஸ்பெக்டருக்கு அந்தத் தகுதி கிடையாது என்றார்கள். ரயில்வே அதிகாரிக்கு? அவருக்குச் சுத்தமாகக் கிடையாது. ஆக, நாட்டைக் காப்பாற்றக்கூடிய அந்தக் காகிதம், நாட்டில் யார் கண்ணிலும் படாமல் மிகப் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டது.

"உமக்கும்தான் தகுதி இல்ல," என்றார் இயக்குநர். "இதை நீர் படிச்சீரா?"

"நான்தான் சார் எழுதினேன். படிக்காம எப்படி எழுதுறது?"

"அதைத்தான் பின்னால விசாரிக்கணும்."

பதிவெழுத்தர் முன் ஒரு தாள் வைக்கப்பட்டது. 'மேற்படி விவரத்தை நான் முற்றிலும் மறந்துவிட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' அதற்குப் பெயர் மறதிச் சான்று. அவர் வேலைக்குப் பயந்த மனிதர். கையெழுத்துப் போட்டார். போட்ட கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது அவருக்கு.

கீழே சாவிக்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன சார் சொன்னாங்க?"

"பார்த்துக்குவாங்க."

"யாரு பார்த்துக்குவாங்க?"

"அது இரகசியம்."

சாவிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். சாவி போடுகிறவர்களுக்கு, பூட்டியிருப்பதைப் பார்த்தவுடன் தெரியும். "சார், நான் சாவி குடுக்கலைன்னா வேற கடையில போட்டுக்குவாங்க. குடுத்தா ஆறு மணி வண்டி தப்பாது. நான் என்னதான் பண்ணட்டும்?"

பதிவெழுத்தர் மாடிப்படியை ஒருமுறை பார்த்தார். அவர் எல்லாவற்றையும் மறந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. "பூட்டு விஷயத்துல," என்றார் மெதுவாக, "எங்க ஆபீசைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

அன்று மாலை வீட்டுக்குப் போனவர் காபியைத் தொடவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"மறந்துட்டேன்."

"எதை?"

"அதைச் சொல்லக் கூடாது. நீ நாளைக்கு லீவு போட்டுடு."

"நான் எதுக்கு லீவு போடணும்? ஸ்டேஷன்ல ஏதாவது...?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"பிளாட்பாரத்துலயா? ஆபீஸ் ரூம்லயா?" அவர் இமைக்கவில்லை. "சிக்னல் ரூம்லயா?" அவர் காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். இருபது வருடக் குடித்தனத்தில் அவளுக்கு எந்தத் தகுதிச் சான்றும் தேவைப்படவில்லை.

"லீவெல்லாம் போட முடியாது. வண்டியில வர்றவங்களும் யார் வீட்டுப் பிள்ளைங்களோ," என்றாள். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பிளாட்பாரப் போலீஸ்காரரிடம் சொன்னாள். மேலிடத்து உத்தரவு இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். அவர் கொட்டாவி விட்டார். அவள் தன் நாற்காலியை, சிக்னல் அறை தெரிகிற ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மாலை ஐந்து நாற்பதுக்கு ஸ்டேஷன் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சிக்னல் அறை வாசலில், கால்மணி நேரமாகப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அன்பர்களுக்கு ஆள் உதவி தேவைப்படுகிறது. கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் போலீஸ்காரர் உடனடியாக அவர்களை அணுகவும்."

முந்நூறு பேர் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அன்பர்கள் ஓடப் பார்த்தார்கள், கூட்டம் விடவில்லை. அவர்கள் பையில் இருந்ததை எடுக்க மணல் மூட்டைகளோடு ஆட்கள் வர வேண்டியிருந்தது. ஆறு மணி வண்டி முப்பது நிமிடம் தாமதமாக, முழுசாக வந்து சேர்ந்தது. பூட்டுக்குள் சாவி ஒன்று ஒடிந்து கிடந்தது. யாரோ அதில் ஒரு பல்லைக் கூடுதலாக ராவியிருந்தார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் இயக்குநரின் படம் வந்தது. 'பல மாத நுண்ணிய உளவுப் பணியால் முறியடித்தோம்.' அவருக்குப் பதக்கம் அறிவித்தார்கள். ஆந்தைக்கு இரண்டு கண்களும் திறக்கப்பட்டன. அதே நாள், ஒடிந்த சாவியில் இருந்த கடை முத்திரையை வைத்து சாவிக்காரரைக் கைது செய்தார்கள். பயங்கரவாதிகளுக்குச் சாவி செய்து கொடுத்தது குற்றம்.

"முன்னாடி நாளே முன்னறி துறையில போய்ச் சொன்னேனே!" என்று அவர் கத்தினார். துறையைக் கேட்டார்கள். 'அப்படி ஒருவர் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை' என்று பதில் வந்தது. மிதித்தார் என்று ஒப்புக்கொண்டால், ஒன்றரை நாள் அந்தக் காகிதத்தின்மேல் யார் உட்கார்ந்திருந்தது என்ற கேள்வி வரும். சாவிக்காரரோ தன் சீட்டை எங்கோ தொலைத்துவிட்டிருந்தார்.

பதிவெழுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் வெளியே வந்துவிடுவான். சொன்னால் மறதிச் சான்றை மீறிய குற்றத்துக்கு இவர் உள்ளே போவார். கோழை, கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டு வாரம் காகிதங்களுக்கு எண் போட்டார்.

மாதக் கடைசியில் கேட்டு சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"ஒரு சந்தேகம் சார். அன்னைக்குச் சாவிக்காரர் ஒருத்தர் துப்பினார்னு எழுதியிருக்கேன். அப்புறம் போய்ப் பார்த்தா எச்சிலை எங்கயும் காணோம். மனசு உறுத்துது. இந்த அடிக்கட்டையை ரத்து பண்ணிடட்டுமா?"

பதிவெழுத்தர் பார்த்தார். தேதி இருந்தது. நேரம் இருந்தது. துறையின் முத்திரை இருந்தது. சாவிக்காரரின் கையெழுத்தும் இருந்தது. இரகசியம் என்ற சொல் மட்டும் எங்குமே இல்லை.

"ரத்து பண்ணாதீங்க," என்றார் அவர். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க நல்லா இருப்பீங்க. பண்ணாதீங்க."

நீதிமன்றத்தில், புதுப் பதக்கம் மின்ன, இயக்குநர் சாட்சிக் கூண்டில் நின்றார். எதிர்க் கூண்டில் இருந்த சாவிக்காரரைக் காட்டி, இந்த ஆளை வாழ்நாளில் தம் அலுவலகப் பக்கம் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தார். அப்போது பின்வரிசையிலிருந்து பதிவெழுத்தர் எழுந்தார். சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நீதிபதியை நோக்கி நடந்தார்.

"ஐயா, எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. சட்டப்படி மறந்துட்டேன்," என்று நீதிபதியிடம் புத்தகத்தை நீட்டினார். "ஆனா இந்தப் புத்தகத்துக்கு ஞாபகம் இருக்கு."

நீதிபதி படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "தேதி, ஸ்டேஷன்ல அந்த ரெண்டு பேர் பிடிபட்டதுக்கு முதல் நாள். காரணம், துப்பு. இயக்குநர், இது உங்க முத்திரைதானே?"

இயக்குநர் வியர்த்தார். "ஐயா, அது வேற துப்பு. இந்த ஆள் வந்தது துப்பத்தான். எச்சில் துப்ப!"

"வந்தார்ங்கிறீங்க?"

"ஆமா. இல்ல. வந்தார், ஆனா துப்பு கொடுக்க வரல, துப்ப வந்தார்."

"கடையைச் சாத்திட்டு, ரெண்டு பஸ் மாறி, உங்க ஆபீசுக்கு வந்து துப்பிட்டு, கையெழுத்தும் போட்டுட்டுப் போனாரா?"

"சில பேர் அப்படித்தான் ஐயா."

நீதிபதி நெடுநேரம் அவர் பதக்கத்தையே பார்த்தார். பிறகு வழக்கைத் தள்ளுபடி செய்து சாவிக்காரரை விடுவித்தார். பதிவெழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி அவர் கையை அழுத்தினாள்.

"ஒண்ணுதான் பாக்கி," என்றார் நீதிபதி. "இந்தச் சீட்டு. அரசாங்க அலுவலகத்துல துப்பினதா உங்கமேல புகார். துப்பினீங்களா?"

சாவிக்காரர் கூண்டிலிருந்து இயக்குநரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இல்லைங்க ஐயா," என்றார். "அன்னைக்குத் துப்பாம வந்ததுதாங்க என் தப்பு."