எவரார்தோ வெள்ளரிப் பானம் கலக்கிய படலம்

நீலக் கற்றாழை நிரைநிரையாய் வேலேந்தி நிற்கும் செம்மண் மேட்டு அராந்தாஸ் நகரிலே, பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் செங்கையன், கொல்லைப்புற வெள்ளரிக் கொடிக்குக் குடம்குடமாய் நீர் வார்த்த கொடைவள்ளல், எலுமிச்சை பிழிவதில் இரும்புக்கரத்தான், ஒதிலியா மணாளன் எவரார்தோ வாழ்க. அவன் கொற்றம் வாழ்க. அவன் குலுக்கும் குடுவையும் வாழ்க.

இத்தகு வீரனுக்கும் ஒரு குறை இருந்தது. மாமனார் தோன் மாக்காரியோ, கற்றாழை வெட்டியே காய்த்துப்போன கரமும் வெண்மீசையுமாய் விளங்கும் அப்பெருந்தகை, கல்யாணமான நாள்முதல் மருமகனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தலைநகரில் பிறந்த குற்றத்திற்காகப் "பட்டணத்தான்" என்றே அழைத்தார். ஞானஸ்நான விருந்திலும் பட்டணத்தான், சாவு வீட்டிலும் பட்டணத்தான். எவரார்தோவுக்கு அது மெய்யாகவே வலித்தது.

ஆகவே மே மாத வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிறு நண்பகலில், கற்றாழைச் சாராயமாம் டெக்கீலாவில் வெள்ளரி கலந்த குளிர்பானம் சமைத்து அம்மீசையை வெல்வதென்று அவன் சூளுரைத்தான்.

"இன்னிக்கு உங்கப்பா வாயால எம் பேரு வந்தாகணும், ஒதிலியா."

"வரும் வரும். முதல்ல சட்டைப் பித்தானப் போடுங்க."

முற்றத்து நிழலில் மைத்துனர்கள் புடைசூழ வீற்றிருந்த மாமனாரோ, டெக்கீலாவில் தண்ணீர் பட்டாலே தெய்வக்குத்தம் என்பவர். "பட்டணத்தான் அதுல வெள்ளரிக்காயப் போடப் போறானாம். அடுத்த வாரம் உருளக்கெழங்கும் போட்டு சூப்பு வைப்பான், பாருங்க" என்று அவைக்கு அறிவித்தார்.

வீரன் செவிசாய்க்கவில்லை. காம்பு நுனியைச் சீவி, வெட்டுவாயில் வட்டமாய்த் தேய்த்து, கசப்பென்னும் அரக்கனை வெண்ணுரையாய்க் கக்கவைத்து, பச்சைப் பட்டுடுத்த வெள்ளரிகளைச் சந்திரவட்டங்களாய் அரிந்து தட்டில் அணிவகுத்தான். கோப்பையின் விளிம்பில் தடவவென்று எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் மூன்றையும் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் பனிக்கட்டி கொணர உள்ளே ஏகினான்.

அங்கேதான் பிழை செய்தான். அந்த நாட்டில் நறுக்கிய வெள்ளரிக்கு அருகே அம்மூன்றும் இருந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: எடுத்துச் சாப்பிடுங்கள். திரும்பி வந்தபோது தட்டு, போர் முடிந்த களம்போல் வெறிச்சோடிக் கிடந்தது.

"சாப்பிடத்தான வச்சிருந்த, மாப்ள?" என்றான் மூத்த மைத்துனன் தமாசோ, விரலைச் சப்பியபடி. "உப்புதான் கொஞ்சம் கம்மி."

மீண்டும் அரிந்தான், வடிகட்டி தேடப் போனான், மீண்டும் தட்டு காலி. இம்முறை ஒதிலியாவின் உதட்டிலும் மிளகாய்த்தூள் இருந்தது. "ஒண்ணே ஒண்ணுதாங்க எடுத்தேன்" என்றாள். சொந்தப் பெண்டாட்டியே எதிரணியில் சேர்ந்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

கொல்லைக்கு ஓடினான். இலைக்கடியில் கூனிக்குறுகி ஒளிந்திருந்த கோணல் வெள்ளரி ஒன்றே எஞ்சியிருந்தது. அதைப் பறித்தவன் தட்டை நம்பவில்லை, மேசையை நம்பவில்லை, பெற்ற பிள்ளை வந்து கேட்டாலும் தந்திருக்க மாட்டான். நின்ற நிலையிலேயே அரிந்து, குடுவைக்குள் நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, டெக்கீலா வார்த்து, பனிக்கட்டி பெய்து, தோள் இரண்டும் குலுங்க, தொந்தியும் உடன் குலுங்க, கூரைப் புறாக்கள் கலைந்து பறக்கக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கி, இளம்பச்சையாய் நுரைத்த ஒற்றைக் கோப்பையை மாமனார் திருமுன் நீட்டினான்.

பெரியவர் மோந்து பார்த்தார். மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், பிறகு நிறுத்தாமல் குடித்தார். மீசையைப் புறங்கையால் துடைத்தார்.

"எவரார்தோ," என்றார், "இன்னொண்ணு கலக்கு."

விண்ணோர் பூமாரி பொழிந்தனர், திசையானைகள் எட்டும் பிளிறின, கண்கலங்கிய காவலன் கத்தியை உயர்த்திக் கொல்லையை நோக்கி மும்முறை கர்ஜித்துப் பாய்ந்தான்.

வெள்ளரிக்காய் தீர்ந்துபோயிருந்தது.