மூக்கு சார் கீரை விற்ற கதை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரைக்கும் உள்ள அத்தனை மூக்கையும் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும், எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் மூக்கு சாரின் மூக்கு இருக்கும் தட்டுதான் கீழே இறங்கும். உரக் கம்பெனி லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். யூரியா எங்கே வீணானாலும் அவருக்கு வாசனை வந்துவிடும், ஆள் ஆஜர்.

ஒருநாள் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில், பூந்தொட்டிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தார். வாட்ச்மேன் மயக்கம் என்று பதறி, ஒரு பக்கெட் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துவிட்டார். சொட்டச் சொட்ட எழுந்த மனுஷன் திட்டவில்லை. "சபாஷ்! யூரியா போட்டா உடனே இப்படித்தான் தண்ணி ஊத்தணும். பார்த்துக்கோங்க டீச்சர்!" என்றார் என்னைப் பார்த்து. அன்றிலிருந்து அவர் தலை தெரிந்தாலே நான் லிஃப்டுக்குள் ஓடிவிடுவேன்.

கஸ்தூரிக்காக நானே அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. எங்கள் பின்பக்கக் காலி மனையில் அரைக்கீரை போட்டுப் பிழைப்பவள் அவள். கீரை மஞ்சளடித்துப் போயிருந்தது. "அடுத்த அறுப்பும் இப்படியே இருந்தா மனையை கார் பார்க்கிங்குக்கு விட்டுடுவேன்" என்று மனைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்து அழுதாள். எனக்குத் தெரிந்தது கணக்குப் பாடம் மட்டும்தான்.

மூக்கு சார் வந்தார். யூரியா தூவிய இடத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் அதை எடுத்து நீட்டி, "மோந்து பாருங்க டீச்சர்" என்றார். மோந்தேன். அடக் கடவுளே! பஸ் ஸ்டாண்டு கழிப்பறை மூஞ்சியில் அறைந்தது.

"அமோனியா. பயிருக்குப் போட்ட சத்து காத்தோட போயிட்டிருக்கு."

"இன்னா சார் சொல்ற? சத்து வீணாவக் கூடாதுன்னு வேப்பெண்ணெ பூசுன யூரியாதானே போட்டேன்!" என்றாள் கஸ்தூரி.

"அது மண்ணுக்குள்ள போனப்புறம்தாம்மா வேலை செய்யும். மேலயே கிடந்தா? தண்ணி எப்ப விட்டே?"

அங்கேதான் சிக்கல். மோட்டார் சாயங்காலம்தான் ஓடும். அந்த நேரத்தில் கஸ்தூரி ஜங்ஷனில் கீரை விற்க வேண்டும். அதனால் காலையில் யூரியாவைத் தூவிவிட்டுக் குடத்தால் தெளிப்பாள். அது மண்ணை மேலாக நனைக்கும், உரத்தை உள்ளே இறக்காது. வெயில் ஏறினால் ஆவிதான்.

"இனிமே சாயங்காலம் போடு. கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு தடவையா போடு. வரிசைக்கு நடுவுல கோடு கிழிச்சு, உள்ள போட்டு மூடி, உடனே தண்ணி விடு."

"அப்ப கீரைய யாரு விக்கிறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாள் சாயங்காலமே ஜங்ஷனில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா, எதிரே கீரைக் கூடை. வியாபாரமா செய்தார்? பரீட்சை வைத்தார். "வீட்டுல தொட்டி இருக்கா? யூரியா போடறீங்களா? எப்ப தண்ணி விடறீங்க?" தப்பாகப் பதில் சொன்னால் கீரை கிடையாது. பைக்கில் வந்த ஒருவர், "பெரியவரே, கீரை குடுப்பியா மாட்டியா?" என்று கத்தினார். "உரம் போட்டா முதல்ல என்ன செய்யணும்? சொல்லு, தரேன்" என்றார் இவர். மழையில் குடையைக் கூடைக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தார். ஜுரம் வந்தது. "சார், வூட்ல படு சார்" என்று கஸ்தூரி கெஞ்சினாள். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கே பொறுக்கவில்லை, ஃபிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அறுப்பு நாளில் மனைக்காரர் வந்தார். கீரை கரும்பச்சையாக நின்றது. வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தவர், கடைசியில், "சரி, நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கஸ்தூரி ஜங்ஷனுக்கே ஓடிவந்து, "சார், மனை நமக்குத்தான் சார்!" என்று கூவினாள். மூக்கு சார் தலையைத் தூக்கவில்லை.

"அறுத்த பாத்திக்கு உரம் வெச்சியா? தண்ணி விட்டியா?"

"இல்ல சார், சேதி சொல்லத்தான்..."

"ஓடு, ஓடு! முதல்ல மோட்டாரைப் போடு!"

அவள் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினாள். இன்றைக்கும் சாயங்காலமானால் கூடைக்குப் பின்னால் அவர்தான். எங்கள் வீட்டில் கீரையை யாரும் தொடமாட்டார்கள். இருந்தாலும் அந்த மனுஷனைப் பார்க்காமல் எனக்குப் பொழுது போவதில்லை, தினமும் ஒரு கட்டு வாங்கிவிடுகிறேன்.