தார்ப்பாய்க் கோட்டும் வெள்ளை சோபாவும்

ஒரு கம்பெனியின் வரலாற்றைப் படித்தால், படித்தோமா மூடி வைத்தோமா என்று இருக்க வேண்டும். நான் செய்து பார்க்கக் கிளம்பினேன். என் மாமனார் வீட்டு சோபாவுக்கு அந்தக் கதி வந்தது அதனால்தான்.

தொண்ணூறுகளில் யாங்கூன் பபேடானில் ஒரு தையல்கடையில் நான் கட்டிங் மாஸ்டர். கப்பலில் வேலை பார்த்த நண்பன் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான். அதில் இத்தாலிக் கம்பெனி ஒன்றின் கதை இருந்தது. லாரித் தார்ப்பாயைக் கல்லோடு போட்டுத் துவைத்து மெதுவாக்கிக் கோட்டு தைத்தார்களாம். ஊரெல்லாம் சாயத்துணியை வாங்கித் தைக்க, இவர்கள் தைத்து முடித்த உடுப்புக்குச் சாயம் போட்டார்களாம். அகராதியை வைத்துக்கொண்டு ஏழு தடவை படித்தேன். (பள்ளிப் பாடத்தை ஒரு தடவைகூட அப்படிப் படித்ததில்லை.)

அந்த நேரம் பார்த்து எனக்குப் பெண் பார்க்க நாள் குறித்தாள் அக்கா. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, சித்திரை ஒன்று என்றாள். யாங்கூனில் அன்றைக்குத் தண்ணீர்த் திருவிழா. தெருவில் தலை காட்டினால் குழாய் வைத்தே தண்ணீர் அடிப்பார்கள்.

"க்யிம்யிண்டைங்ல பொண்ணு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிடுவேன்க்கா."

"வருஷப் பொறப்புடா, வேற நல்ல நாள் கெடைக்காது. நீதான் பெரிய டெய்லராச்சே, நனையாத மாதிரி ஒண்ணு தைச்சுக்க."

போதாதா எனக்கு? அலோன் துறைமுகத்தில் கழித்துப் போட்ட தார்ப்பாயை வாங்கி, செங்கல் துண்டுகளோடு தொட்டியில் போட்டு மூன்று நாள் மிதித்தேன். தைத்தேன். அக்காவின் சோற்று அண்டாவிலேயே மெரூன் சாயம் காய்ச்சி முக்கி எடுத்தேன்.

திறந்த வண்டியில் போனோம். தெருவுக்குத் தெரு அபிஷேகம். அக்கா பிளாஸ்டிக் தாளுக்குள் சுருண்டுகொண்டாள். நானோ நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். உள்ளே சட்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. வெளியே என்ன இறங்குகிறது என்று நான் பார்க்கவே இல்லை.

பெண்ணின் அப்பா வரவேற்று உட்கார வைத்தார். புது வருஷத்துக்கென்று சோபாவுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள். நன்றாகச் சாய்ந்துகொண்டு இத்தாலி வரலாற்றை ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். பெண் செல்வி காபி கொண்டுவந்தபோது மரியாதையாக எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அமலே!" என்றாள், அம்மாடியோவுக்குப் பர்மாக்காரிகள் சொல்வது மாதிரியே, வாயைப் பொத்திக்கொண்டு.

திரும்பினேன். சோபாவில் இன்னொரு நான் உட்கார்ந்திருந்தேன், மெரூன் நிறத்தில், தோள்பட்டை காலரோடு.

"தம்பி, கோட்டுக்குச் சாயம் போட்டது சரி. எங்க சோபாவுக்கு யாரு போடச் சொன்னா?" என்றார் அவர்.

அக்கா தலையில் கைவைத்தாள். எனக்கு அழுகை முட்டியது. செல்வியை எனக்குப் பிடித்துப் போயிருந்தது, அதுதான் தொல்லை.

"சாயம் ஒட்டுறதுக்கு, கொதிக்கிறப்ப உப்பு போட்டீங்களா?" என்று அவளே கேட்டாள்.

"பத்திரிகையில உப்பைப் பத்தி எழுதலியே..."

"தொழில் ரகசியத்தை உங்களுக்கு எழுதிக் குடுப்பாங்களா?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவள் அப்பாவும் சிரித்துவிட்டார்.

கல்யாணச் சீர்த்தட்டில் வெற்றிலை பாக்குக்கு மேலே அந்த உறையைத்தான் மடித்து வைத்திருந்தார்கள். எத்தனை தடவை துவைத்தும் அந்தக் கறை மட்டும் போகவில்லை. (கோட்டில் நிற்காத சாயம்!) ஒவ்வொரு சித்திரை ஒன்றுக்கும் செல்வி அதை எங்கள் சோபாவில் விரிப்பாள். போன தடவை என் மகள் என்னை அந்தக் கறையோடு பொருத்திச் சாயவைத்து, சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, அப்பா ரெண்டு பக்கமும் வெளியே வழியுறாரு. இன்னொரு தார்ப்பாய் வாங்கணும்!"