ஒரு மணி ஐந்து நிமிட ஜெபம்

அன்புத் தங்கை ஜெரூஷாவுக்கு,

முடிச்சூரிலிருந்து அக்கா ஜெனி ஆண்டவரின் நாமத்தில் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். உன் சுகத்தைத் தினமும் காலையில் அம்மா ஆண்டவரிடம் சத்தமாகக் கேட்டு வாங்கிவிடுவதால் நான் தனியாக விசாரிக்கவில்லை. போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நீ கோயம்புத்தூர் வேலைக்கு விமானத்தில் போன அன்று இங்கே நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கம்பெனி டிக்கெட், ஐந்நூறு கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம் என்று நீ சொன்னதை அம்மா அப்படியே பிடித்துக்கொண்டாள். விமானம் கிளம்பும்போது ஜெபம் ஆரம்பம், நீ இறங்கிப் போன் செய்ததும் ஆமென் என்று ஏற்பாடு. பக்கத்து வீட்டு ஏசுபாதம் மாமா முழங்காலுக்குத் தலையணையோடு வந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் உனக்காக வேண்ட வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. நீயோ இறங்கிய பிறகும் போனை ஃப்ளைட் மோடிலிருந்து எடுக்கவில்லை. மாமா பைலட்டுக்கு ஜெபித்தார், பைலட்டின் மனைவி மக்களுக்கு ஜெபித்தார், சக்கரங்களைத் தனித்தனியாக ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்தார். அந்த நேரம் பார்த்து, செல்போன் ஆப்பில் உன் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "சாராள், பிளேன் திரும்பி வருதுடி. பாப்பா மனசு மாறிட்டா போல" என்றார். அதே விமானம் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குத் திரும்புகிறது என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்? அம்மா கண்ணைத் திறக்காமலே சைகை காட்டி, உனக்கும் சேர்த்து அரிசி போடச் சொன்னாள். நீ போன் செய்தபோது உன் பங்குச் சோற்றையும் நான்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கு அரை நாள் லீவு வேறு.

இதைப் பொறாமையில் எழுதவில்லை. இந்த வீட்டின் முதல் டிகிரி என்னுடையது. முதல் விமானம் உன்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். நான் சொல்வது வேறு. தினமும் முடிச்சூரிலிருந்து தாம்பரம், அங்கே பஸ் மாறி மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், அதில் பாதி ஒற்றைக் காலில். உன் விமானத்தைவிட நாற்பது நிமிடம் அதிகம். எனக்கு அம்மா சொல்வதெல்லாம், "கேட்டைச் சாத்திட்டுப் போடி." அவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை, எனக்கும் ஒரு வரி ஜெபம் பண்ணும்மா என்று கேட்டுவிடலாமென வாசலில் நின்றேன். "என்னடி நின்னுட்டே இருக்க? டிபன் பாக்ஸ மறந்துட்டியா?" என்றாள். அது பைக்குள்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்கு இரண்டு டிபன் பாக்ஸ்.

ஆகவே ஜெரூ, விமானம் பெரிய விஷயமே இல்லை. ஆகாயத்தில் போகிற பஸ். என் ஆயுளில் அதில் கால் வைப்பதாக இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஹாஸ்டல் கதவைத் தாழிட்டுப் படு. நீ போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் காப்பாராக; அதற்கு வேண்டிய ஆள்பலம் இங்கே தயாராக இருக்கிறது.

அன்பு அக்கா,
ஜெனி

பி.கு.: அடுத்த சனிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறேன். காலை ரயிலில், ஏழரை மணி நேரம் என்று வீட்டில் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவ்ளோ நேரமா? நீ போய்ச் சேர்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்டி" என்றாள். மாமா இரண்டாவது தலையணை வாங்கிவிட்டார். நான் டிக்கெட் எடுத்திருப்பது விமானத்துக்கு. ஒன்பது மணிக்கெல்லாம் உன் ஹாஸ்டலில் இருப்பேன். மதியம் இரண்டு மணி வரை நீயும் போனை ஃப்ளைட் மோடிலேயே வைத்திரு.