ஒளிவட்டத்துடன் காணவில்லை

கடவுள் மனிதனைப் படைத்தார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் வேலையை முடித்துக் கொடுக்கவில்லை. விட்டுப்போன அந்த மிச்சத்தை உலக நன்மைக்காகத் தன் தலைமேல் போட்டுக்கொண்டவர்தான் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த மினுக்கு மாஸ்டர். இது ஊர் வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

மாஸ்டரின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த எந்த முகமும் சும்மா வெளியே வந்ததில்லை. கருவிழியில் நட்சத்திரம், கன்னத்தில் பளபளப்பு, தலைக்குப் பின்னால் மிதக்கும் பொன் புள்ளிகள். கல்யாணப் படமோ அடையாள அட்டையோ, எல்லாருக்கும் ஒரே மரியாதை. ஒரு வங்கிக் காவலாளியை, அட்டையைக் காட்டிய பிறகும், அவர் காவல் காக்கும் வங்கிக்குள்ளேயே விடவில்லை. "அது பேங்க்கோட பார்வைக் கோளாறு" என்று மாஸ்டர் தீர்ப்பளித்தார்.

அப்பேர்ப்பட்டவரின் அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காணாமல் போனார். எழுபத்தெட்டு வயது. கொஞ்ச நாளாகவே வீடு, வாசல், பெற்ற பிள்ளைகளின் பெயர் எல்லாம் அவருக்கு நழுவிக்கொண்டிருந்தன. பல் விளக்கிவிட்டு வெளியே போனவர் திரும்பவில்லை. மாஸ்டர் செருப்பு அறுந்தது தெரியாமல் தெருத்தெருவாக ஓடினார், நடுரோட்டில் நின்று அழுதார். அதில் துளியும் பொய்யில்லை.

மத்தியானம் அக்கா தன் போனோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"போன வாரம் நான் எடுத்த படம்டா. அப்பா அச்சு அசலா இருக்கார். உடனே நோட்டீஸ் அடிச்சு ஒட்டணும்."

மாஸ்டர் படத்தைப் பார்த்தார். நெஞ்சு அடைத்தது. முகத்தில் விழுந்திருந்த டியூப்லைட் வெளிச்சம் அப்படி.

"இதைப் போய் ஊருக்குக் காட்டறதாக்கா? முகமெல்லாம் இருட்டு. ஷேவ்கூட பண்ணலை."

"ஷேவ் பண்ணாமத்தான்டா போயிருக்கார்."

"பெத்த அப்பாவை இந்தக் கோலத்துல ஒட்டினா, நாலு பேர் என்னை என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேர் அவரைக் கண்டுபிடிச்சா போதும்டா தம்பி."

"பத்தே நிமிஷம்" என்று உட்கார்ந்தவர் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தாடி போனது. ஒட்டிய கன்னம் உப்பியது. இடது புருவத்தை இரண்டாகப் பிளந்திருந்த பழைய தழும்பும் மற்ற "குறைகளோடு" சேர்ந்து காணாமல் போனது. கண்ணுக்கு இரண்டு நட்சத்திரம். அப்பா மேல் பாசம் பொங்கியதில், இதுவரை யாருக்கும் போடாத ஒளிவட்டம் ஒன்றையும் தலைக்குப் பின்னால் போட்டார்.

அக்கா நோட்டீஸை வாசித்தாள். "அடையாளம், இடது புருவத்தில் தழும்புன்னு எழுதியிருக்கு. படத்துல தழும்பையே காணோமே?"

"நல்லவேளை சொன்னே" என்றார் மாஸ்டர். பிழை என்று தெரிந்தால் உடனே திருத்திக்கொள்ளும் பெருந்தன்மை அவருக்கு உண்டு. அந்த வரியை அழித்துவிட்டார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அச்சடித்த வரைக்கும் அள்ளிக்கொண்டு, ஒட்டும் பையன்களிடம் கொடுக்க ஓடினாள்.

பலன் மறுநாளே தெரிந்தது. போன் ஓயவில்லை. ஒருவர், "ஆழ்ந்த அனுதாபங்கள், எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?" என்றார். இன்னொருவர், ஐயா எந்தக் கட்சியில் நிற்கிறார் என்று விசாரித்தார். ஒரு பெண்மணிக்கு, பெரியவர் முகத்துக்கு என்ன தடவுகிறார் என்று தெரிய வேண்டியிருந்தது. ஏழு பேர் தங்கள் படத்தையும் இதே மாதிரி செய்து தரச் சொன்னார்கள். மாஸ்டர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

"அப்பாவைப் பார்த்தேன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?" என்றாள் அக்கா.

"இல்லைக்கா. ஆனா படத்தை ஒருத்தர்கூட குறை சொல்லலை."

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெள்ளிக்கிழமை காலை, தானே தேடிப்போன இடத்தில், ஊர்க்கோடி பஸ் நிலையத்தில், அப்பாவைக் கண்டுபிடித்தாள். மாஸ்டர் விழுந்தடித்து ஓடினார்.

சரியாக நோட்டீஸுக்குக் கீழே இருந்த பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். தாடி இன்னும் வளர்ந்திருந்தது. இறங்கி வரும் பயணிகளை நிறுத்தி, சுவரைக் காட்டி, "இவரை எங்கயாவது பார்த்தீங்களா? பாவம், வீட்டுல தவிச்சுட்டு இருப்பாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் அவரைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, அவரிடமும் அதையே கேட்டார்.

மாஸ்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாளாகப் பெரியவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருந்த டைம்கீப்பர் பக்கம் திரும்பினார்.

"மூணு நாளா நோட்டீஸுக்கு அடியிலயே இருந்திருக்கார். உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?"

டைம்கீப்பர் படத்தைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அந்தப் படத்துல இருக்கறவரை நாங்க எல்லாரும்தான் சார் தேடினோம். இவரைத்தான் யாருமே தேடலை."